கடைசி டோக்கனின் கோரைப்பல்

பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்தால் சொத்தை தெரியும், கறை தெரியும், நேற்று என்ன தின்றோம் என்பதுகூடத் தெரிந்து மானம் போகும். அன்று சாயங்காலம் கடைசியாக வந்தவனின் வாய்க்குள் டாக்டர் கண்ணாடியை விட்டபோது எதுவுமே தெரியவில்லை. எதுவுமே என்றால் எதுவுமேதான். நீளக் காம்பின் நுனியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டக் கண்ணாடி. அதில் தலைக்கு மேலிருந்த விளக்கு தெரிந்தது, அவளுடைய கையுறை விரல் தெரிந்தது, அவள் உள்ளே வைத்த பஞ்சுருளை தெரிந்தது. பல்லைக் காணோம், ஈறைக் காணோம், நாக்கைக் காணோம். பஞ்சுருளை மட்டும் அந்தரத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்தாள். வேறு கண்ணாடி எடுத்தாள். புது உறையைக் கிழித்து இன்னொன்றும் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் குனிந்து தன் சொந்தக் கண்ணால் பார்த்தாள். எல்லாப் பல்லும் இருந்த இடத்தில் சமர்த்தாக இருந்தன. மேல்வரிசையின் கோரைப்பற்கள் இரண்டும் சாதாரண ஆளுக்கு இருப்பதைவிட நீளம். இடது பக்கத்துக் கோரைப்பல்லில் நெடுக ஒரு விரிசல்.

"எத்தனை கண்ணாடி மாத்தினாலும் தெரியாது டாக்டர். நேராத்தான் பாக்கணும்" என்றான் அவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

ரத்தக்காட்டேரி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் சிரிப்பதுபோல நடிப்பார்கள். டாக்டரின் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவளுக்கு நினைவு தெரியாத வயதில் அப்பாவைக் கொன்றதே ஒரு காட்டேரிதான். அண்ணன்தான் முதலில் போய்ப் பார்த்தான். அன்றோடு படிப்பை விட்டான், கையில் இழைப்புளியை எடுத்தான், தங்கையை வளர்த்துப் பல் டாக்டர் ஆக்கினான். அவளுக்கு "பல்லி" என்று பட்டப்பெயர் வைத்ததும் அவனே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அண்ணனுடைய மரப்பட்டறை கிளினிக்குக்கு நேர் கீழே இருந்தது. பகலெல்லாம் கதவும் அலமாரியும் செய்வான். மிச்சம் விழுகிற தேக்குத் துண்டுகளைக் கூராகச் சீவி, மேசை இழுப்பறையில் அடுக்கி வைப்பான். என்றாவது ஒரு நாள் ஒரு காட்டேரி கண்ணில் படும், நெஞ்சில் முளை அடிக்கலாம் என்று இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறான். அவன் தேடிய காட்டேரியோ பட்டறையைத் தாண்டி, மாடிப்படி ஏறி, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மேலே வந்து வாயைத் திறந்து படுத்திருக்கிறது!

டாக்டர் கத்தியிருக்க வேண்டும். தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்திருந்தால் போதும், அண்ணன் பறந்து வந்திருப்பான். ஆனால் நாற்காலியில் படுத்திருந்தவன் கண்ணில் தண்ணீர் நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, யாரிடமும் சொல்ல முடியாமல் வலியை விழுங்கிக்கொண்டிருந்த முகம் அது. வலிக்கிற பல்லைப் பார்த்தால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். தொழில் புத்தி அப்படி.

"எத்தனை நாளா வலி?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கிராம்பு வெச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவன், கிராம்பை வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறான்.

"வேற டாக்டர்கிட்ட போகலையா?"

"ரெண்டு பேர்கிட்ட போனேன். கண்ணாடியை உள்ள விட்டாங்க, போட்டுட்டு ஓடிட்டாங்க. நீங்க மட்டும்தான் துடைச்சுப் பாத்தீங்க."

ஊசி போட்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டது அந்த நிமிஷம்தான்.

அடுத்த வாரம் அவன் வந்தபோது உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சாதாரண ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் தெளிகிற மரப்பு, அவனுக்கு ஒரு வாரமாகியும் தெளியவில்லை. ரத்த ஓட்டமே இல்லாத உடம்பில் போட்ட மருந்து எங்கே போகும்? போட்ட இடத்திலேயே குந்திக்கொண்டது. அவன் "டாக்டர்" என்றால் "தாத்தர்" என்று விழுந்தது. டோக்கன் கொடுக்கும் அக்கா அவனுக்குக் "கடைசி டோக்கன்" என்று பெயர் வைத்திருந்தாள். இருட்டின பிறகுதான் வருவான், எப்போதும் கடைசியில்தான் வருவான். "உங்க கடைசி டோக்கன் வந்தாச்சு, நான் கிளம்பறேன்" என்று அக்கா சொல்கிற தினுசே ஒரு மாதிரி இருக்கும்.

உண்மையைச் சொன்னால் பழியெல்லாம் அந்தக் கண்ணாடி மேல்தான். மற்றவர்களுக்கு மேல்பல்லின் உள்பக்கத்தை டாக்டர் கண்ணாடியில் பார்த்தே வேலை செய்வாள். அவள் முகத்துக்கும் அவர்கள் முகத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும், அதுதான் முறை. இவனுக்குக் கண்ணாடி உதவாது. நாற்காலியை முழுக்கச் சாய்த்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, அவள் தலைகீழாகக் குனிந்து பார்க்க வேண்டும். மூக்கும் மூக்கும் உரசாத குறை. அவனுக்கு மூச்சு கிடையாது. அந்த இடத்தில் மூச்சு வாங்குகிற ஒரே ஆள் இவள். தன் மூச்சு எப்போது வேகமாகிறது, எப்போது தடுக்கிறது என்பது அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் வேகமாகியது. ஒரு சின்னக் கண்ணாடி உருப்படியாக வேலை செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாவது முறை பல்லைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தது. சிவப்பாக, சூடாக. டாக்டர் பஞ்சில் ஒற்றி எடுத்துத் திகைத்து நின்றாள். செத்த உடம்பில் ஏது ரத்தம்?

"யாரோடது?" என்று கேட்டான் அவன்.

"உங்களோடதுதான். இந்த நரம்புக்கு உயிர் இருக்கு. அதான் வலிக்குது."

அவன் பஞ்சைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். ரத்தம் என்றால் அவனுக்குச் சாப்பாடு. அந்த ஒரு சொட்டை மட்டும் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன ஆச்சு? எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல." மரத்த உதட்டை வைத்துக்கொண்டு திணறினான். "உங்க கிளினிக்குக்கு எதிர்ப்பக்கம் நின்னுட்டிருந்தேன். நீங்க ஷட்டரை இழுத்தீங்க. அது பாதியில சிக்கிக்கிச்சு. சுத்திமுத்திப் பாத்துட்டு எட்டி ஒரு உதை விட்டீங்க. அன்னைக்குத்தான் வலி ஆரம்பிச்சுது."

காதலை எத்தனையோ விதமாகச் சொல்வார்கள். வாய் கோணி, எச்சில் ஒழுக, பல்லில் ஓட்டையோடு சொன்னவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். டாக்டர் முகக்கவசத்துக்குள் சிவந்துபோனாள்.

அதற்குப் பிறகு தொழில் நாணயம் காற்றில் போனது. ரூட் கேனல் என்றால் அந்த நரம்பை எடுத்துவிட வேண்டும். இரண்டு தடவையில் முடிகிற வேலை. அவளுக்கு மனம் வரவில்லை. அவன் உடம்பு முழுக்கத் தேடினாலும் உயிருள்ள இடம் அது ஒன்றுதான். அதைப் போய் எப்படிக் கொல்வது? வாராவாரம் மருந்து வைத்து மூடினாள், அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். நரம்பைக் காப்பாற்றுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டாள். "நீங்க யாரையாவது கொன்னிருக்கீங்களா?"

"ரொம்ப முன்னாடி. பொய் சொல்ல மாட்டேன்." அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லா முகமும் ஞாபகம் இருக்கு. இப்ப கறிக்கடையில ஃபிளாஸ்க்ல வாங்கிக்கறேன். பல்லு இப்படி ஆனதுலேர்ந்து ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கறேன்."

"எங்கப்பாவை?"

"இந்த ஊருக்கு நான் வந்தே ஒம்பது வருஷம்தான் ஆகுது டாக்டர்."

அவன் சொன்னதற்குச் சாட்சி அவன் மட்டும்தான். அவள் நம்பினாள். நம்பவேண்டும் என்று ஆசை இருந்தால் சாட்சி எதற்கு?

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஐந்தாவது வெள்ளிக்கிழமை அண்ணன் வெளியே கதவு பொருத்தப் போயிருக்கிறான் என்று நம்பி, டாக்டர் அவனைக் கீழ்வாசல்வரை வழியனுப்ப வந்தாள். படியில் இறங்கும்போது அவன் என்னவோ சொல்ல, இவள் விழுந்து விழுந்து சிரித்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் போன வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பட்டறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு புது அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடியில் தன் தங்கை தனியாகப் படியிறங்கி வருவதைப் பார்த்தான். தனியாகப் பேசி, தனியாகச் சிரித்து, காற்றைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பி வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து ஒரு முளையை எடுத்து, உப்புத்தாளால் நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தான்.

"எத்தனை நாளா?"

"அண்ணா, அவர் அப்படிப்பட்டவர் இல்ல. யாரையும் தொடறதில்ல."

"யார் சொன்னா?"

"அவரே."

"ரொம்ப நல்லது. பால் பத்திரமான்னு பூனைகிட்டயே கேட்டுட்டு வந்திருக்க." தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்பா கழுத்தை நான் பாத்தேன் பல்லி. நீ பாக்கல. உனக்குக் காட்டக்கூடாதுன்னுதான் போர்வையை இழுத்து மூடினேன்."

அண்ணன் அந்தப் போர்வையைப் பற்றி இதுவரை ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை அது வரும்ல?" அவன் எப்போதும் காட்டேரியை "அது" என்றுதான் சொல்வான். "நான் திரைக்குப் பின்னாடி நிப்பேன். நீ எப்பவும்போல பல்லைக் குடையற மிஷினை ஓட்டு. மிஷின் ஓடினா எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க. அது கண்ணை மூடினதும் மிஷினை நிறுத்திட்டு நீ நகர்ந்துக்கோ. சத்தம் நின்னா நான் வருவேன்."

"மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லு. நான் தெருவுல தேடிப் பிடிக்கறேன். தெருவுல அது நின்னுக்கிட்டிருக்கும், முழிச்சுக்கிட்டிருக்கும். நான் தோத்தாலும் தோத்துருவேன்." அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "யோசிச்சுக்கோ."

அந்த வாரம் டாக்டர் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தாள். அவனுக்குத் தகவல் சொல்லலாம் என்றால் எங்கே தங்குகிறான் என்றே தெரியாது. இவள் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. சொல்லித் தப்ப வைத்தாலும் அண்ணன் விடமாட்டான். தேடிப்போய் எதிரில் நின்றால், பல்லைக் காட்டாமல் சாவதற்குக் காட்டேரி என்ன பொம்மையா? அவனைக் காப்பாற்றினால் அண்ணன் போவான். அண்ணன் பேச்சைக் கேட்டால் அவன் போவான். ஒரு நோயாளிக்குப் பிடுங்க வேண்டிய பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடிக்கப் போய், அவர் போட்ட கூச்சலில் சுதாரித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. டோக்கன் அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எக்ஸ்ரே மூலையின் பச்சைத் திரைக்குப் பின்னால் அண்ணன் போய் நின்றுகொண்டான். திரைக்குக் கீழே அவனுடைய செருப்பின் நுனி தெரிந்தது. டாக்டர் ஒரு குப்பைக்கூடையை நகர்த்தி அதை மறைத்தாள். யாருக்காக மறைத்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

படியில் காலடிச் சத்தம். அவன் வந்தான். முகம் காகிதமாக வெளுத்திருந்தது.

"கறிக்கடை இந்த வாரம் முழுக்கப் பூட்டு டாக்டர். ஒண்ணும் குடிக்கல" என்றபடி நாற்காலியில் சரிந்தான். திரைக்குப் பின்னால் அண்ணனுக்கும் அது கேட்டிருக்கும்.

அவள் மிஷினை எடுத்தாள். காலால் பெடலை அழுத்தினாள். கீச்சென்று அது அலறியது. போன வாரம் வைத்த அடைப்பைக் குடைந்து எடுத்தாள். உள்ளே அந்த நரம்பின் சிவப்பு தெரிந்தது. அப்புறம் மிஷினை வாய்க்கு வெளியே எடுத்து, ஓடவிட்டபடியே காற்றில் பிடித்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"கண்ணை மூடாதீங்க. அசையாதீங்க. திரைக்குப் பின்னாடி எங்கண்ணன் நிக்கறான். கையில முளை இருக்கு. இந்தச் சத்தம் நின்னா வந்துருவான்."

"ஆ?" என்றான் அவன். வாயில் பஞ்சு.

அவள் பஞ்சை உருவி எறிந்தாள். திரும்பச் சொன்னாள். அவன் கண் திரைப்பக்கம் போய் வந்தது.

"ஜன்னலைத் தொறந்து வெச்சிருக்கேன். போயிடுங்க."

"போனா?"

"தேடி வருவான்."

"வந்தா?"

"நீங்க அவனை ஒண்ணும் செய்யக்கூடாது!"

"அவர் என்னைச் செய்யலாமா?"

அவள் கால் பெடலிலேயே இருந்தது, கெண்டைக்கால் வலித்தது, எடுக்க முடியாது. எடுத்தால் ஒருவன் செத்தான்.

"உங்களுக்கு யார் வேணும் டாக்டர்?" என்று கேட்டான் அவன். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டான்.

"ரெண்டு பேரும் வேணும். ரெண்டு பேரும் உயிரோட வேணும்!" அழுகையும் ஆத்திரமுமாக அவன் காதில் சீறினாள். "உங்களை விடவும் முடியல, அவனை விடவும் முடியல. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க!"

அவன் சொல்வதற்குள் கட்டடம் சொன்னது. அது பழைய கட்டடம். சாதாரணமாக இரண்டு நிமிஷம் ஓடி நிற்கிற மிஷினை அவள் நிறுத்தாமல் ஓட்டியதில், அதற்குக் காற்று அடைத்துக் கொடுக்கிற கம்ப்ரஸர் படிக்குக் கீழே ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஏசி ஓடியது, கருவிகளை வேகவைக்கிற அடுப்பும் ஓடியது. கீழே டப்பென்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய், எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன.

மிஷின் மட்டும் நிற்கவில்லை. கம்ப்ரஸர் தொட்டியில் மிச்சமிருந்த காற்றில் ஓடியது. அந்தக் கும்மிருட்டில் அதன் அலறல் மெல்ல மெல்ல இறங்கியது. கீச்சு முனகலாகியது, முனகல் இரைப்பாகியது. டாக்டர் பெடலைத் தரையோடு தரையாக மிதித்தாள், மிதித்தால் காற்று ஊறும் என்பதுபோல. கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு அது நின்றது.

திரையின் வளையங்கள் கிறீச்சிட்டன. அண்ணன் ஓடிவருகிற காலடி. அவள் எதையும் யோசிக்கவில்லை. நாற்காலியின் மேல் விழுந்து, அவன் நெஞ்சில் இடது பக்கமாக வலது கையை விரித்து வைத்தாள்.

முளை அந்தக் கையில் இறங்கியது.

கட்டைவிரலடியிலிருந்து உள்ளங்கைவரை கிழிந்தது. "அம்மா!" என்று அவள் அலறியதும் அண்ணன் முளையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ரத்தம் பீறிட்டது. அவளுக்கே அதன் வாடை அடித்தது. வாரம் முழுக்கப் பட்டினி கிடந்த காட்டேரிக்கு, அவன் நெஞ்சின் மேலேயே அது கொட்டிக்கொண்டிருந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இரண்டு சில்லிட்ட கைகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. பிடித்து, மேலே தூக்கின. முகத்துக்கு நேராகத் தூக்கின.

'அண்ணன் சொன்னதுதான் சரி' என்று நினைத்தாள். அந்த ஒரு கணம் அவள் வாழ்க்கையில் பட்ட வேதனை எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

கைகள் முகத்தைத் தாண்டி இன்னும் மேலே போயின. தட்டிலிருந்த பஞ்சு மொத்தமும் காயத்தின்மேல் அழுந்தியது.

"கையைக் கீழ இறக்காதீங்க டாக்டர். மேலேயே வெச்சிருங்க" என்றது அவன் குரல், பற்களுக்கிடையில்.

அண்ணன் தடுமாறிக் கைபேசியின் விளக்கைப் போட்டான். காட்டேரியின் கோரைப்பற்கள் இரண்டும் முழு நீளத்துக்கு வெளியே வந்திருந்தன. தாடை கிடுகிடுவென்று ஆடியது. முகத்தைக் கழுத்து முறிகிற அளவுக்குச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருந்தான். கைகள் மட்டும் அசையாமல் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தன.

"சீக்கிரம் வந்து நீங்க பிடிங்க. என்னால ரொம்ப நேரம் முடியாது. சத்தியமா முடியாது!"

அண்ணனின் ஒரு கையில் கைபேசி, ஒரு கையில் முளை. குத்தலாம். இத்தனை வருஷம் காத்திருந்த நெஞ்சு, கைக்கெட்டுகிற தூரத்தில், தடுக்க ஆளில்லாமல் திறந்து கிடந்தது. அதில் ஊறியிருந்தது தங்கையின் ரத்தம். முளை தரையில் விழுந்து உருண்டது. அண்ணன் பாய்ந்து வந்து காயத்தைப் பிடித்தான்.

காட்டேரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஃபியூஸ் எங்க?"

"படிக்குக் கீழ. மரப்பெட்டிக்குள்ள" என்றான் அண்ணன் தன்னையறியாமல்.

அவன் இருட்டில் இறங்கிப் போனான். அண்ணன் தங்கையைத் தரையில் உட்காரவைத்து, கையை உயரப் பிடித்துக்கொண்டு, கட்டுத்துணியைச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றும் கோணிக்கொண்டு போனது.

"நானா குத்தினேன்?"

"நீதான்."

"நானா?" என்று மறுபடியும் கேட்டான். அப்புறம் அழுதான். அப்பா செத்த அன்று அழாதவன், தங்கையின் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கொஞ்சம் அடங்கியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஓடிட்டான்" என்றான்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஜன்னல்வழியே அவளே போகச் சொன்னவன், வாசல் திறந்திருக்கும்போது ஏன் நிற்கப்போகிறான்? நல்லதுதான், பிழைத்துப் போகட்டும் என்று எண்ணிய அதே மூச்சில் நெஞ்சு காலியாகிப்போனது.

விளக்கு வந்தது. ஏசி முக்கியது. கம்ப்ரஸர் மறுபடி இரைந்தது. படியில் யாரோ ஏறிவந்தார்கள்.

கடைசி டோக்கன் வாசலில் வந்து நின்றான். பட்டறையில் கிடந்த வார்னிஷ் துணியை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தான். அந்த நெடியைத் தாண்டி எந்த ரத்த வாடையும் அவனை நெருங்க முடியாது.

"ரத்தம் நின்னுருச்சா? உள்ள வரலாமா?"

முளை அண்ணன் காலடியில்தான் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், அதன் நுனியிலிருந்த சிவப்பைப் பார்த்தான். காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"வாங்க" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயையோ, பல்லு! திறந்தபடியே விட்டுட்டேன்!"

அந்த நரம்பு அம்மணமாகக் கிடந்தது. இப்படியே விட்டால் விடிவதற்குள் செத்துப்போகும். அது செத்தால் அவன் உடம்பில் உயிரென்று சொல்ல ஒரு நூலிழைகூட மிச்சமிருக்காது. மருந்து வைத்து இப்போதே மூடினால் பிழைத்தாலும் பிழைக்கும். மூட வேண்டியவளின் வலது கையோ தலையணை அளவுக்குக் கட்டுப்போட்டுக் கிடக்கிறது. தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் இது.

"அண்ணா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு."

"எதுக்கு?"

"மரத்துல ஓட்டை அடைப்பியே, அந்த மாதிரிதான். நான் சொல்லச் சொல்லச் செய்."

"எனக்கென்ன பைத்தியமா? இவன் வாய்க்குள்ள நான் கையை விடறதா?"

"என் கையை யார் கிழிச்சது?"

அண்ணன் கையைக் கழுவினான். தங்கையின் கையுறை அவன் தச்சு விரல்களுக்குப் பாதிதான் ஏறியது. காட்டேரி நாற்காலியில் படுத்தான். இரண்டு பேரில் யார் அதிகமாகப் பயந்தார்கள் என்று சொல்வது கஷ்டம். ஒருவன் வாயை மூடினால் மூன்று விரல் போச்சு. மற்றவன் கருவியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் கதை முடிந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்தான்.

"அது வேண்டாம். குனிஞ்சு பாரு" என்றாள் டாக்டர்.

குனிந்தான். அப்பா செத்த நாளிலிருந்து வெறுத்த கூட்டத்தின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில், மூக்கும் மூக்கும் உரசாத குறையாகக் குனிந்தான். விரிசலுக்குள்ளிருந்து ஒரு சொட்டு ஊறி அவன் விரலைத் தொட்டது. திடுக்கிட்டான்.

"சூடா இருக்கு!"

"ஆமா. அதை மூடத்தான் சொல்றேன். வெள்ளையா இருக்கே, அந்த மருந்தை ஒரு கடுகளவு எடு. உள்ள வை. மெல்ல அமுக்கு."

"இவனுக்கு வலிக்குமா?"

"உதடுதான் மரத்திருக்கு. நரம்பைத் தொட்டா உயிர் போற மாதிரி வலிக்கும்."

"வலிக்கட்டும்" என்றான் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் கை மட்டும், யாரும் சொல்லாமலே, மெதுவாகத்தான் அமுக்கியது.